டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ.: எந்த பிராஞ்ச் என்று முடிவெடுக்கும் முன்

பிளஸ் டூ முடித்த பிள்ளை பிராஞ்ச் எடுப்பது ஏறக்குறைய குருட்டாம்போக்குதான். லேத் எப்படி ஓடும், மின் பேனலுக்குள் என்ன இருக்கும் என்று அதற்குத் தெரியாது. கட்-ஆஃப் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதில் சேரும். டிப்ளமோ முடித்து நாலைந்து வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போகிறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆனால் அவரும் பெரும்பாலும் சித்தப்பா மகனின் ஐ.டி. சம்பளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

கோவைப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. சேருவதற்கான லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங் நெருங்கினால் எங்கள் டெக்னீஷியன்களில் யாராவது வந்து, "சார், மெக்கானிக்கலா, ட்ரிபிள் இ-யா, இல்ல பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிடலாமா?" என்று கேட்பார்கள். (ட்ரிபிள் இ என்றால் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நைட் ஷிப்டுல மெஷின் நின்னா, முதல்ல எங்க கை வெப்பீங்க தம்பி?"

உதாரணத்துக்கு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சி.என்.சி. மெஷினில் எக்ஸ் ஆக்ஸிஸ் ஓவர்லோடு அலாரம் அடித்து நிற்கிறது. பால் ஸ்க்ரூ பேரிங் இறுகியிருக்கலாம். கைட்வேக்கு ஆயில் போகாமல் இருக்கலாம். என்கோடர் கேபிளில் கூலன்ட் இறங்கியிருக்கலாம். மோட்டாரை ஓட்டும் டிரைவே போயிருக்கலாம். முதல் இரண்டும் மெக்கானிக்கல் கோளாறு, மற்ற இரண்டும் எலக்ட்ரிக்கல். ஒருவர் ஆலன் கீயோடு போய் கவரைக் கழற்றி, ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பார்ப்பார். இன்னொருவர் பேனலைத் திறந்து டிரைவில் என்ன நம்பர் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு லோடு மீட்டரைப் பார்ப்பார். அபூர்வமாக ஒருவர், மெஷின் ஓடிய பிறகும் விடமாட்டார். இந்த அலாரம் ஏன் மாதாமாதம் இதே மெஷினில் வருகிறது என்று பழைய பிரேக்டவுன் ரிப்போர்ட்டையெல்லாம் எக்ஸெலில் போட்டு அலசுவார். முதலாமவர் மெக்கானிக்கல், இரண்டாமவர் ட்ரிபிள் இ அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன். மூன்றாமவர் கம்ப்யூட்டர் பக்கம் போனால் நான் தடுக்கவே மாட்டேன்.

ஆர்வம் தெரிந்துவிட்டது, சரி. அப்புறம் கேட்க வேண்டியது, இந்தப் பட்டம் எதற்கு? இருக்கிற கம்பெனியிலேயே இன்ஜினியர் ஆவதற்கா, அரசுத் தேர்வுக்கா, இந்த லைனை விட்டே போவதற்கா?

முதலாவது என்றால், பார்த்த வேலையை ஒட்டிய பிராஞ்ச்தான் நல்லது. பட்டமும் அனுபவமும் ஒரே துறையில் இருந்தால்தான் ஹெச்.ஆர். இரண்டையும் சேர்த்து எண்ணும். சில பொறுப்புகளுக்கு விதியே பிராஞ்சைச் சொல்லிவிடுகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி மின் பாதுகாப்பு அதிகாரியாக இருக்க எலக்ட்ரிக்கல் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். பத்து வருடம் சப்ஸ்டேஷனைக் கவனித்த மெக்கானிக்கல்காரருக்கு அந்த இடம் கிடைக்காது.

அரசுத் தேர்வு என்றால் பிராஞ்சின் பெயரே தலைவலி. மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் எல்லாம் படிக்க நல்ல பாடங்கள். எங்கள் ஷாப் ஃப்ளோருக்கு ரொம்பவே பொருந்தும். ஆனால் வேலை அறிவிப்பில் "மெக்கானிக்கல்" அல்லது "எலக்ட்ரிக்கல்" என்று மட்டும் போட்டிருந்தால், உங்கள் படிப்பு அதற்கு இணையானது என்று காட்டும் அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எம்.டெக். சேரவும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் உதவும் கேட் (GATE) தேர்வில் மெக்கட்ரானிக்ஸுக்குத் தனித் தாள் கிடையாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று ஏதாவது ஒன்றைத்தான் எழுத வேண்டும். 2024-இல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு தாள் சேர்த்தார்கள். மெக்கட்ரானிக்ஸுக்கு இன்னும் இல்லை. அரசு வேலைதான் குறி என்றால் பழைய, சாதாரணப் பெயருள்ள பிராஞ்சை எடுங்கள்.

லைனை விட்டுப் போக நினைப்பவர்களிடம் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கேம்பஸுக்கு வரும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பல, படிப்பில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கின்றன. பத்தாவது, டிப்ளமோ, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதமும் கேட்பார்கள். ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்பவர், வகுப்பிலேயே நன்றாகப் படித்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாமல் போகலாம். வெளியில் முயன்று வேலை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேம்பஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு. முதலாண்டின் இரண்டு மேத்ஸ் பேப்பர்களை நீங்கள் பார்க்காமலே மூன்றாம் செமஸ்டர் மேத்ஸில் போய் உட்காருவீர்கள். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனை, அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்டத்தை, எடுத்துக்கொண்டால், மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ட்ரிபிள் இ-க்கு ப்ராபபிலிட்டி, காம்ப்ளெக்ஸ் ஃபங்ஷன்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸ். இன்டெக்ரேஷனைத் தொட்டு வருஷக்கணக்கானவருக்கு முதல் இரண்டும் அரியரில் கொண்டுபோய் விடக்கூடியவை. டிஸ்க்ரீட் மேத்ஸுக்குப் பழைய கால்குலஸ் அதிகம் தேவைப்படாது. நீங்கள் சேரப்போகும் ரெகுலேஷனின் மூன்றாம் செமஸ்டர் சிலபஸை இறக்கி, ஒரு பழைய கேள்வித்தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கவுன்சலரும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. "கல்லூரிக்கே போகாமல் பி.இ." என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2001–2005-இல் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து மறுபடி தேர்வெழுதச் சொன்னது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்தே செய்தது. அதைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியிருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு என்று யாராவது சொன்னால், 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அதை மத்திய அரசு பி.இ.க்கு இணையாக ஏற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையை விடாமல் படிக்க விரும்புபவர்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) பணியில் இருப்போருக்காக அனுமதித்துள்ள மாலை வகுப்பு பக்கத்துக் கல்லூரியில் எந்த பிராஞ்சில் நடக்கிறது என்று விசாரியுங்கள். பாதிப் பேருக்கு பிராஞ்சைத் தீர்மானிப்பது அதுதான். கூடவே, செமஸ்டர் முழுக்க ஜெனரல் ஷிப்ட் தருவார்களா என்று உங்கள் மேனேஜரிடம் விண்ணப்பம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். ஷிப்ட் சார்ட்டை நடுவில் மாற்றுவது எங்களுக்கும் லேசான வேலை இல்லை.