ஏர்வொர்தி: பறப்புத் தகுதியும் பறக்கத் தக்க நிலையும்

'ஏர்வொர்தி' (airworthy) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'பறப்புத் தகுதி' என்று எழுதுகிறோம். 'வான்தகுதி' என்பாரும் உண்டு. இரண்டும் பிழையல்ல, ஆனால் மூலச்சொல்லின் பாதிப் பொருளைத்தான் தருகின்றன. புதுப்பித்துப் பறக்கவிடும் பழைய போர் விமானங்களில் பறப்புக்கு முந்தைய சோதனை யார் பொறுப்பு என்று கேட்டால், விடை அந்த விட்டுப்போன பாதியில் இருக்கிறது.

சொல் கப்பலிலிருந்து விமானத்துக்கு ஏறியது. கடலோடத் தக்க கலத்தை 'சீவொர்தி' என்பார்கள். அதே அச்சில் வார்த்ததுதான் 'ஏர்வொர்தி'. பிரிட்டனின் 1906 கடற்காப்பீட்டுச் சட்டம், 39-ஆம் பிரிவில், அந்தக் கப்பற்சொல்லுக்குக் கறாரான வரம்பு வைத்தது. ஒரு பயணத்துக்கென எடுத்த காப்பீட்டில், அந்தப் பயணம் தொடங்கும் வேளையில், அந்தப் பயணத்துக்கு ஏற்ற நிலையில் கப்பல் இருக்க வேண்டும். போன மாதம் நன்றாக இருந்தது என்பது பேச்சே இல்லை.

இன்றைய அமெரிக்க விமான விதிகள் இதை இரண்டாகப் பிரிக்கின்றன. விமானம் அதன் ஒப்புதல் பெற்ற வடிவமைப்புக்கு ஒத்திருக்க வேண்டும். பாதுகாப்பாக இயக்கத்தக்க நிலையிலும் இருக்க வேண்டும். முதலாவதைச் சான்றிதழ் சொல்லும். இரண்டாவதைச் சான்றிதழால் சொல்ல முடியாது.

'தகு' என்ற வேரில் தகுதி, தகவு, தகைமை, தக்க எல்லாம் கிளைத்தவை. ஆனால் இன்றைய வழக்கில் தகுதி என்பது ஒருமுறை பெற்றால் கூடவே இருப்பது. கல்வித் தகுதி யாருக்கும் காலாவதியாவதில்லை. இலங்கையில் தகைமை என்ற சொல்லும் அப்படியே. விமானத்தின் நிலையோ ஒவ்வொரு இரவும் மாறக்கூடியது. லாரிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்: எஃப்.சி. நேற்று வாங்கியிருந்தாலும் காலையில் டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. ஆகவே எங்கள் பரிந்துரை: சான்றிதழைக் குறிக்கையில் 'பறப்புத் தகுதி', புறப்படும் நேரத்து நிலைக்குப் 'பறக்கத் தக்க நிலை'.

பழைய போர் விமானங்களில் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. பிரிட்டனில் ஹன்டர் போன்ற முன்னாள் ராணுவ விமானங்கள் பறப்புத் தகுதிச் சான்றில் பறப்பதில்லை. 'பறப்பு அனுமதி' என்ற வேறு ஆவணத்தில் பறக்கின்றன. எனவே நிலையைச் சோதிப்பவர்மீது கூடுதல் சுமை விழுகிறது. யார் அவர்? அமெரிக்க விதிப்படி விமானத்தைப் பறக்கத் தக்கபடி பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளர் அல்லது இயக்குபவருடையது. இயந்திரப் பணியாளர் தாம் செய்த வேலைக்குக் கையெழுத்திடுகிறார். இந்தப் பறப்புக்கு இது தக்க நிலையில் இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டியவர் தலைமை விமானி. 91.7 என்ற விதி இதைப் பெயர் சொல்லி அவர்மீது வைக்கிறது.

போர்க்காலக் கையேட்டை மட்டும் நம்பினால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அன்று பிரிட்டிஷ் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர், ரிக்கர் (விமான உடலைப் பார்ப்பவர்) என ஒவ்வொரு தொழிலாளரும் அன்றாடச் சோதனை முடித்து ஃபார்ம் 700-இல் கையெழுத்திட்ட பிறகே விமானி அதில் ஒப்பமிட்டு விமானத்தை ஏற்பார். இந்திய விமானப்படையிலும் அந்தப் படிவத்துக்கு அதே பெயர்தான். தரையில் பலர் பார்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் விமானிக்கான பகுதி எழுதப்பட்டது. இன்று கண்காட்சிக்கு ஊர் ஊராகப் போகும் குழுவில் அந்தப் பலர் இல்லை. அவர்கள் பார்த்ததை எல்லாம் யாரோ ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஹார்வர்டு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வாஸ்ப் இன்ஜினில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருக்கும். சில மணி நேரம் நின்றாலே ஆயில் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். திரவம் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ஆயிலில் முட்டி கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அன்றே முறியாமல், பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு நடுவானில் முறிவதும் உண்டு. இதைத் தடுக்க ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) ஆஃப், த்ராட்டில் மூடியது, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை நெம்பு) கட்-ஆஃப். பிறகு வழக்கமாகச் சுழலும் திசையிலேயே குறைந்தது நான்கு பிளேடு. இரண்டு பிளேடு ப்ரொப்பெல்லர், கியர் இல்லாத இன்ஜின், ஆகவே நான்கு பிளேடு என்றால் கிராங்க் இரண்டு சுற்று. எல்லா சிலிண்டரும் ஒருமுறை அமுக்க நிலையைக் கடந்துவிடும். கியர் வைத்த பெரிய இன்ஜின்களுக்கு எண்ணிக்கை வேறு.

இடையில் இறுகினால் பலம் காட்டக் கூடாது, பின்னோக்கியும் சுற்றக் கூடாது. பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் உறிஞ்சுகுழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும்; இன்ஜின் ஓடத் தொடங்கியதும் திரும்ப உள்ளே வரும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிய விடுவதுதான் வழி.

சுற்றும்போது சுவிட்ச் ஆஃப் என்பதை நம்பி பிளேடு பாதையில் நிற்க வேண்டாம். மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் எங்கே இருந்தாலும் தீப்பொறி வரும். இதைக் கண்டுபிடிக்கும் வேளை முந்தைய பறப்பின் முடிவு: இன்ஜினை நிறுத்துமுன் ஐட்லிங்கில் சுவிட்சை ஒரு நொடி ஆஃப் செய்து பார்த்தால் இன்ஜின் அணையப் பார்க்க வேண்டும். புறப்படுமுன் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பில், இரண்டு மேக்னெட்டோக்களிலிருந்து ஒன்றுக்கு மட்டும் மாற்றும்போது இன்ஜின் சுற்று ஓரளவு குறைவது இயல்பு. கையேட்டு வரம்பைத் தாண்டிக் குறைந்தால் பறக்கக் கூடாது. கொஞ்சமும் குறையாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும், அணைய வேண்டியது அணையவில்லை என்று பொருள்.

எரிபொருளில் மறைவான ஒரு பொறி உண்டு. வடித்தெடுத்த கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது, சுத்தமாகவே தோன்றும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்க வேண்டும். நிறத்தையும் மணத்தையும் பார்த்த பிறகே அது பெட்ரோல். அளவுக்கு, காட்டியை விட்டுவிட்டு டிப்ஸ்டிக்கை நம்புங்கள்.

சுக்கான்கள் தடையின்றி அசைந்தால் போதாது, சரியான பக்கம் அசைய வேண்டும். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இட எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே போக வேண்டும். கேபிள் மாட்டிய மறுநாள் இது உயிர்ச் சோதனை. 1935 அக்டோபர் 30 அன்று ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299, காற்றுக்காகப் போட்ட சுக்கான் பூட்டை எடுக்காமல் ஏறி விழுந்தது. இருவர் இறந்தார்கள். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கமானது அதன் பிறகே.

அந்த மாடல் 299-இன் வழியில் வந்ததுதான் பி-17 குண்டுவீச்சு விமானம். 2019 அக்டோபர் 2 அன்று, அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்தில், காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 விழுந்து, இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தனர். 4-ஆம் இன்ஜினின் இட மேக்னெட்டோவை அணைக்கும் கம்பியைப் பாதுகாப்புக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். அது அசைந்து உறையில் பட்டதும் மேக்னெட்டோ செத்தது. வல மேக்னெட்டோவின் பாயின்ட் இடைவெளி வேண்டியதில் பாதிகூட இல்லை, ஒன்பதில் நான்கு சிலிண்டர்களுக்குப் பொறி பலவீனம் அல்லது இல்லவே இல்லை. ஒரு இன்ஜினை நிறுத்திய பிறகு வேகத்தையும் அமைப்பையும் விமானி சரியாகக் கையாளாததே முதற்காரணம் என்றது விசாரணை வாரியம். பராமரிப்புக் குறையைத் துணைக்காரணமாகச் சேர்த்தது. அந்த விமானியே பராமரிப்பு இயக்குநரும்கூட. பி-17இல் அவருக்கு 7,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம். குறை அனுபவத்தில் இல்லை. பராமரிப்புப் பொறுப்பும் பறக்கலாமா என்ற தீர்மானமும் ஒரே ஆளிடம் இருந்தன.

எனவே தமிழில் படிவம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சிடாதீர்கள். யார் பார்த்தது என்று அந்தச் சொல்லில் இல்லை. தமிழ் வினைமுற்று ஆளைச் சுமக்கும், அதைப் பயன்படுத்துங்கள். பராமரிப்பவர் வரியில் 'இன்ன வேலையைச் செய்து முடித்தேன்'. விமானி வரியில் 'பிட்டோ (வேகம் அளக்கும் குழாய்) உறையையும் பூட்டு ஊசிகளையும் எண்ணி எடுத்தேன்; பறக்கத் தக்க நிலையில் இருக்கக் கண்டேன்'. இரண்டு வரிகளிலும் கையெழுத்து வேறு வேறாக இருக்கட்டும்.