எங்கே அடைப்பு என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்

நான் பிளம்பர். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வீட்டில் சமையலறை சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து, கழிவு பைப்பில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மரை இரண்டு சுற்று இளகியதுமே உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முன்கையில் வழிந்தது. முதலில் சோப்பு பட்ட மாதிரி வழவழவென்று இருந்தது, அடுத்த நிமிடமே எரிய ஆரம்பித்துவிட்டது. "அம்மா, இதுல என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரி அடைப்பு எடுக்கிற பவுடர் போட்டேன் தம்பி, போகலை, காலையில இன்னொரு பாக்கெட் போட்டேன், அதுக்கும் அசையலை, அதான் ஆசிட் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். ஆசிட் பாட்டில் மேடை மேலேயே இருந்தது.

நான் குளியலறைக்கு ஓடி இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் அப்போது என் மனசில் இருந்தது என் கை இல்லை. அந்த அம்மா அதே சிங்க்கில் ஆசிட்டையும் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான்.

அடைப்பு எடுக்கும் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. தண்ணீரில் கரையும்போதே அது நல்ல சூட்டைக் கிளப்பும். பைப் திறந்திருந்தால் கரைசல் எண்ணெய்ப் பிசுக்கை அரித்துக்கொண்டு கீழே போய்விடும், சரி. முழுசாக அடைத்திருந்தால் எங்கே போகும்? ட்ராப்பிலேயே நின்று சூடேறும், அந்தச் சூட்டில் பிவிசி இளகும், இணைப்பு நெகிழும், சில சமயம் பவுடரே கல் மாதிரி இறுகி இன்னொரு அடைப்பாகிவிடும். அதன் மேல் ஆசிட்டை ஊற்றினால் காரமும் அமிலமும் சேர்ந்து கொதித்து, ஊற்றுபவர் முகத்துக்கு நேராக மேலே தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இன்னொரு கூட்டும் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது: ப்ளீச்சும் கழிப்பறை கழுவும் ஆசிட்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் நாலு மூச்சு இழுத்தாலே நெஞ்சு அடைத்துவிடும். "ரெண்டும் சேர்த்து ஊத்தினா இன்னும் நல்லா கழுவும்" என்று நினைத்து ஊற்றுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

சரி, அப்போ என்னதான் செய்வது? முதல் வேலை, அடைப்பு எங்கே என்று பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் காதும் போதும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்குகிறது, மற்ற எல்லா இடத்திலும் நன்றாகப் போகிறது என்றால் கோளாறு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாஷ் பேசின் என்றால் முடியும் சோப்பும் சேர்ந்த உருண்டை, சிங்க் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. குளியலறைத் தரை என்றால் ஜாலிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், பத்தில் எட்டு தடவை முடிக்கற்றைதான் வரும். இதெல்லாம் நீங்களே செய்யலாம். சிங்க்குக்கு அடியில் ஒரு வாளியை வைத்து பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே பவுடரோ வேறு எதுவுமோ போட்டிருக்கவே கூடாது, அது முக்கியம். உள்ளே இருப்பதை வழித்தெடுத்து, ரப்பர் வாஷரைக் கழுவி, அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து மறுபடி திருகினால் வேலை முடிந்தது. ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் மரை விண்டுவிடும்.

ப்ளஞ்சர், அதாவது அடைப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் கிண்ணம் பொருத்திய குச்சி, வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும், வாஷ் பேசினில் மேல்பக்கம் வழியும் ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விடும். அப்புறம், அழுத்துவதைவிட இழுப்பதில்தான் பலன். அடைப்பை அசைத்துக் கலைக்க வேண்டுமே தவிர இன்னும் உள்ளே தள்ளி இறுக்கக் கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் நிற்கிறது, கழிப்பறையை ஃப்ளஷ் செய்தால் குளியலறைத் தரையில் குமிழ் வருகிறது, துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியே தள்ளும்போது கீழ்த்தளத்துக் கழிப்பறையில் மட்டம் ஏறுகிறது என்றால் கதை வேறு. அது மெயின் லைன் அடைப்பு, அதாவது வீட்டுக் கழிவெல்லாம் சேர்ந்து வெளியே போகும் பைப்பில் அடைப்பு. வீட்டிலேயே தாழ்வான இடத்தில்தான் கழிவு முதலில் எதிர்த்து வரும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் ஆள் கூப்பிடுவது. மேலே நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கீழே தரைக்குத்தான் வரும்.

மெயின் லைனில் நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கு வெளியே கழிவு பைப்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே, நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். அப்புறம் ஸ்பிரிங் என்கிற நீளமான வளையும் கம்பியை விட்டுக் குடைவோம், பிசுக்கு ஏறிய பைப் என்றால் ஜெட் மெஷினில் அழுத்தமான தண்ணீர் அடிப்போம். ஸ்பிரிங் அடைப்பில் ஓட்டை போடும், ஜெட் பைப்பின் உட்சுவரைக் கழுவும், இரண்டும் ஒன்றில்லை. ஆனால் எடுத்த அடைப்பே மூன்று மாதத்தில் திரும்ப வருகிறது என்றால் மறுபடி மறுபடி குடைவதில் அர்த்தமில்லை. கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு வழியாக மரத்தின் வேர் உள்ளே நுழைந்திருக்கலாம், மண் இறங்கி பைப் தொய்ந்திருக்கலாம், ஆரம்பத்திலேயே வாட்டம் (சரிவு) கொடுக்காமல் போட்டிருக்கலாம். 100 மி.மீ. கழிவு பைப்புக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2 செ.மீ. வாட்டம் வேண்டும். அது இல்லாத இடத்தில் திடக்கழிவு படிந்துகொண்டேதான் இருக்கும், எத்தனை தடவை எடுத்தாலும்.

நான் வெளியே எடுப்பவற்றில் இப்போது அதிகம் வருவது ஈரத் துடைப்பான்கள். பாக்கெட்டில் ஃப்ளஷ் செய்யலாம் என்றே போட்டிருந்தாலும் போடாதீர்கள். டாய்லெட் பேப்பர் தண்ணீரில் கரைந்து கூழாகும், இது துணி மாதிரி அப்படியே கிடந்து வளைவில் சிக்கும், அதில் முடி சுற்றும், அதன் மேல் எண்ணெய் படியும். நான் இழுத்தெடுத்ததில் ஒன்று முறுக்கிப் பிழிந்த துண்டு கனத்துக்கு, முழங்கை நீளத்துக்கு வந்தது. எண்ணெய்க்கும் இதே கதைதான். "சுடுதண்ணி ஊத்தித்தான் விடறேன்" என்பார்கள். சூடாக இருக்கும்வரை அது ஓடும், நாலு மீட்டர் தள்ளிப் போய் ஆறியதும் அங்கே உறையும். உங்கள் கைக்கு எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்கு அடைப்பை நகர்த்தி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பாத்திரத்தைக் கழுவும் முன் ஒரு பழைய காகிதத்தால் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போட்டால் போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரையும் பிவிசி பைப்பில் ஊற்றாதீர்கள், கழிப்பறைப் பீங்கானில் ஊற்றினால் கீறல் விடும்.

நாற்றத்தைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. ஒவ்வொரு வடிகாலுக்கும் அடியில் வளைந்த ஒரு ட்ராப் இருக்கிறது, அதில் எப்போதும் 5 செ.மீ. உயரத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான், வேறு ஒன்றுமில்லை. விருந்தினர் அறையோடு சேர்ந்த குளியலறையை யாரும் பயன்படுத்தாமல் விட்டால் சில வாரத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், நாற்றம் ஏறிவிடும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊருக்குப் போகும்போது அதன் மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது. தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லை, மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் சிங்க்கில் "களக் களக்" என்று சத்தம் வருகிறது என்றால் கழிவு பைப்புக்குக் காற்று விடும் காற்றுப்போக்கி பைப் இல்லை, அல்லது பறவைக் கூடோ இலையோ அடைத்திருக்கிறது. கீழே விழும் தண்ணீர் தனக்கு வேண்டிய காற்றை உங்கள் ட்ராப் வழியாக உறிஞ்சி, அந்தத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

இனி நல்ல தண்ணீர்ப் பக்கம். சுவரில் ஓதம் என்றதும் டைல்ஸை உடைக்கச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த பைப்னு எப்படித் தெரிஞ்சுது?" குளியலறைக்குக் கீழே கூரையில் பட்டை விட்ட ஈரம், அதற்காகத் தரை முழுக்க உடைத்துப் புதிதாகப் போட்டும் ஈரம் காயவில்லை என்று ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. நான் செய்தது இவ்வளவுதான். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டிக்கு வரும் தண்ணீரையும் நிறுத்தி, தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். காலையில் மட்டம் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. யாரும் தண்ணீரே பயன்படுத்தாமல் மட்டம் இறங்கினால் ஒழுகுவது பெரும்பாலும் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை லைன், கழிவு பைப் இல்லை. ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்ததில் சுவருக்குள் ஷவருக்குப் போகும் இணைப்பில் வந்து நின்றது. இரண்டே டைல்ஸ். அந்த வீட்டு அண்ணன் உடைத்துப் போட்ட பழைய டைல்ஸ் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார், எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

மீட்டர் உள்ள வீட்டில் மீட்டரைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் கழிவு பைப், அல்லது டைல்ஸ் இடுக்கு. மழைக்கு மட்டும் வந்தால் வெளிச்சுவரோ மொட்டை மாடியோ. அடையாளம் தெரியாமல் ஒழுகும் இன்னொன்று ஃப்ளஷ் டேங்க்: அதில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள், கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து, சேர்ந்ததை 24-ஆல் பெருக்கிப் பார்த்தால் இனி அதைத் தள்ளிப்போட மனசு வராது. பெரும்பாலும் ஒரு வாஷர்தான்.

ஷவரில் அழுத்தமில்லை என்று மோட்டார் வாங்கப் போகும் முன், ஷவரின் முகத்தையும் குழாய் முனையில் இருக்கும் வலையையும் கழற்றி உப்பைக் கழுவிப் பாருங்கள். அப்புறம் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும், ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.2 பார். அதைப் பைப் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் சூடேற்றும் ஹீட்டரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் பக்கத்தில் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும், சூடேறும்போது தண்ணீர் விரிவதால் அதிலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. அந்தச் சொட்டு தொந்தரவாக இருக்கிறது என்று அதை டம்மி போட்டு அடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதான அன்று அழுத்தம் வெளியேற வேறு வழியே இல்லை, ஹீட்டரின் தொட்டி வெடிக்கும். விடாமல் ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டு வால்வை மாற்றுங்கள்.

செப்டிக் டேங்க்குக்குள்ளோ ஆழமான சேம்பருக்குள்ளோ யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "இப்ப வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கும் இடம்தான் ஆளைக் கொல்லும் இடம். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சாகிறார். அந்த வேலை இயந்திரத்துக்கானது. இயந்திரம் இல்லை, நானே இறங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் திருப்பி அனுப்புங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள், வீட்டின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். அதை ஒருமுறை மூடித் திறந்தும் பாருங்கள், பல வருடமாகத் தொடாத வால்வு பைப் வெடித்த அன்று திரும்பாது.

ஆளைக் கூப்பிடும்போது "அடைச்சிருக்கு, சீக்கிரம் வாங்க" என்பதோடு நிறுத்தாமல் எத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எப்போதிலிருந்து, வேறெங்காவது குமிழ் வருகிறதா என்று சொல்லுங்கள், சரியான கருவியோடு வருவோம். பவுடரோ ஆசிட்டோ ஊற்றியிருந்தால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கழற்றுவோம்.