நோய் எதிர்ப்பு ரகம் சரி, எந்த நோய்க்கு?

சம்பாப் பட்டத்தில் கையில் இலையோடு வரும் நெல் விவசாயிகள் அடிக்கடி கேட்பது இது: “ஒரே வாய்க்கால் தண்ணி, ஒரே யூரியா. பக்கத்து வயல் பச்சையா நிக்குது, என் வயல் மட்டும் ஏன் சார் நுனியிலேர்ந்து காயுது?”

முதலில் நோய் எதுவென்று பார்க்க வேண்டும். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வையுங்கள். சற்று நேரத்தில் பால் போலக் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். அப்புறம் ரகத்தைக் கேட்பேன். பெரும்பாலும் பதில் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி. ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து 1986-ல் வந்த ரகம். அரிசி சன்னம், நல்ல விலை போகும். ஆனால் இந்த நோயைத் தாங்காது.

தடுக்கும் மரபணு இல்லை என்பது பாதிக் காரணம்தான். பயிரின் சொந்த மரபணுவையே பாக்டீரியா தனக்கு வேலை வாங்குகிறது. செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே கடத்தும் ஒரு மரபணு நெல்லில் உண்டு. பாக்டீரியாவின் சில வகைகள் தங்கள் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் செலுத்தி அதை முடுக்கிவிடுகின்றன. சில நெல் வகைகளில் அந்தப் புரதம் வந்து ஒட்டும் இடமே மாறியிருக்கிறது. ஒட்ட முடியாததால் மரபணு முடுக்கப்படுவதில்லை, நோயும் பரவுவதில்லை. இந்த மாறிய வடிவத்துக்கு எக்ஸ்ஏ13 என்று பெயர். தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் பலன் தரும்.

எக்ஸ்ஏ21 என்ற எதிர்ப்பு மரபணு வேறு மாதிரி. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. செல்லின் மேற்பரப்பிலேயே கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் தூண்டும்.

இந்த இரண்டோடு எக்ஸ்ஏ5 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து பிபிடி 5204-க்குள் கொண்டுவந்தார்கள் ஹைதராபாத் விஞ்ஞானிகள். 2008-ல் வெளியான அந்த ரகம்தான் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. வழக்கமான ஒட்டுக்கலப்புதான், ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தச் செடியில் இந்த மரபணுக்கள் இருக்கின்றன என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று எதற்கு? பாக்டீரியாவும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே மரபணுவை நம்பினால் அதைத் தாண்டும் கிருமி சீக்கிரம் வந்துவிடும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இந்த மூன்றும் இலைக்கருகலுக்கு மட்டும். குலை நோய் பூஞ்சையால் வருவது. அதைத் தடுக்க வேறு மரபணுக்கள் வேண்டும். “எதிர்ப்பு ரகம்” என்று விதைக்கடையில் சொன்னால், எந்த நோய்க்கு என்று கட்டாயம் கேளுங்கள்.

பழைய பிபிடிதான் போடுவேன் என்பவர்கள் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள், அந்தக் காயம் வழியாகவே பாக்டீரியா நுழையும். புதிய ரகத்துக்கு மாறுபவர்கள் முதல் முறை சான்று விதை வாங்குங்கள். இது வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) அல்ல என்பதால், கலவன்களை, அதாவது கலந்து வளர்ந்த வேறு ரகச் செடிகளை, நீக்கிய பிறகு உங்கள் வயலிலிருந்தே அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.