கல்லுக்குள் இருப்பது செடி அல்ல

போன மாதம் ஒரு பெண்மணி பதக்கம் ஒன்றைச் சோதிக்கக் கொண்டுவந்தார். பால் வெள்ளைக் கல். உள்ளே கறுப்பாக ஒரு சிறு பெரணி. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலை கல்லாகிவிட்டது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விலையும் அந்தக் கதைக்கேற்ற விலை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கல் அசல். கதைதான் பொய்.

இதற்கு வியாபாரத்தில் டென்ட்ரிட்டிக் அகேட் என்று பெயர். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா பக்கம் ஓடும் கென் ஆற்றில் கிடைப்பதை ஷஜர் கல் என்பார்கள். ஷஜர் என்றால் அரபியில் மரம். ஆனால் அந்த மரத்துக்கும் தாவரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாங்கனீசும் இரும்பும் கரைந்த நீர் நுண்ணிய விரிசல்களில் ஊறி, ஆக்சைடாகப் படிந்து, கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறது. கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு, செம்பழுப்பு இரும்பு. (கறாராகச் சொன்னால், வரி வரியாக அடுக்கு இருந்தால்தான் அகேட். இது கால்செடோனி, அதாவது மிக நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களாலான கல். சந்தைப் பெயர் நிலைத்துவிட்டது.)

நான் முதலில் பார்ப்பது கிளைகளின் நுனியை. பத்து மடங்கு லென்ஸில் அசலின் நுனி இழையாக மெலிந்து கல்லுக்குள் மறையும். கல்லைச் சாய்த்தால் ஒரு கிளை மேலாகவும் இன்னொன்று ஆழத்திலும் தெரியும். ஒரே விரிசலில் படர்ந்தது அசலிலும் தட்டையாகவே இருக்கும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவு சொல்வதில்லை. அச்சிட்டு ஒட்டிய படத்தில் சில சமயம் மைப்புள்ளிகளே காட்டிக்கொடுக்கும். உருண்டைக் காற்றுக்குமிழி இருந்தால் கண்ணாடி என்று சந்தேகிக்க வேண்டும். போலரிஸ்கோப்பில் (இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே கல்லை வைத்துப் பார்க்கும் கருவி) சுழற்றும்போது, ஒளி ஊடுருவும் கால்செடோனி சுற்று முழுவதும் வெளிச்சமாகவே நிற்கும்.

தயவுசெய்து வீட்டில் கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் இது 6.5 முதல் 7 வரை. பெரும்பாலும் கத்தியின் இரும்புதான் தேய்ந்து கோடாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கீறல் என்று நினைத்து, நல்ல கல்லைப் போலி என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும்.

வாங்கும்போது பில்லில் "இயற்கை டென்ட்ரிட்டிக் கால்செடோனி, சாயமோ ஒட்டுவேலையோ இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அந்தப் பெண்மணி பதக்கத்தை மீண்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் கேட்க, என் சோதனைச் சீட்டோடு அதே கடைக்குப் புறப்பட்டார்.