நெரிசல் பிறப்பது மூட்டுகளில்

மொரீஷியஸில், வாக்வா என்ற ஊரில் என் பெரியம்மா வீட்டு வாசலிலிருந்து மெட்ரோ நிறுத்தம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போன மாதம் ஒரு காலையில் அவருடன் தலைநகர் போர்ட் லூயிஸின் சந்தைக்குக் கிளம்பினேன். கையில் துணிப்பை, வெயிலுக்கும் மழைக்குமாக ஒரு குடை. தெருமுனை வரை நடைபாதை இருந்தது. அதற்கப்பால் சாக்கடை மூடியின்மேல் கால் வைத்து, மின்கம்பத்தைச் சுற்றி, நிறுத்தியிருந்த காருக்கும் ஓடுகிற லாரிக்கும் நடுவே நடந்தோம். வழியில் இருந்த ரோன்ப்வேனை, அதாவது வட்டச் சந்திப்பை, கடக்க நான்கு நிமிடம் ஆனது. பிறகு மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் பெரியம்மா சொன்னார்: "ரயில் நல்லாத்தான் ஓடுது தம்பி. அது கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ளதான் உயிர் போகுது."

பெரியம்மாவுக்கு மூட்டு வலி. கை கால் எலும்பெல்லாம் திடமாகத்தான் இருக்கிறது, நோவது மூட்டில்தான் என்பார். மொரீஷியஸ் சாலைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னது இந்தத் தீவுக்கும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. 12 லட்சத்துச் சொச்சம் மக்கள், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவான வாகனங்கள். கரும்புக் காடாக இருந்த எபேனில் இன்று அலுவலகக் கோபுரங்கள். மோக்கா பக்கம் புதுக் குடியிருப்புகள் வளர்ந்துகொண்டே போகின்றன. எல்லாரும் சாலை போதவில்லை என்கிறோம். நேரம் தொலைவது நேர்ச்சாலையில் அல்ல. சாலையும் சாலையும், பேருந்தும் ரயிலும், நடையும் வண்டியும் சேருகிற இடத்தில்தான் அது தொலைகிறது.

முதலில் இந்த ரோன்ப்வேனை எடுத்துக்கொள்வோம். வட்டச் சந்திப்பின் விதி எளியது: உள்ளே சுற்றுகிறவனுக்கு முதலிடம், நுழைகிறவன் இடைவெளி பார்த்து நுழையவேண்டும். நுழைவதற்கு ஒரு ஓட்டுநருக்குச் சுமார் 4 விநாடி இடைவெளி தேவைப்படும். எல்லாப் பக்கமிருந்தும் வாகனங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் இது அற்புதமாக வேலை செய்யும். சிக்னல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பச்சை விளக்குக்குக் காத்து நிற்கவும் வேண்டாம். ஒரு வழித்தடம் மட்டும் உள்ள சின்ன வட்டமே ஒரு நாளைக்கு 20,000 வாகனம்வரை தாங்கும். ஆனால் காலை 7 மணிக்கு ஒரே திசையிலிருந்து வெள்ளம்போல் வந்தால், அந்த வரிசையில் 4 விநாடி இடைவெளியே விழாது. அடுத்த வாயிலில் நிற்பவர் பட்டினி கிடக்கவேண்டியதுதான். சராசரி எண்ணிக்கை தாங்கக்கூடியதாக இருந்தும் ஒரு வாயிலில் மட்டும் வரிசை நீண்டுகொண்டே போகும்.

அந்த வரிசை பின்னால் இருக்கும் அடுத்த வட்டத்தை எட்டிவிட்டால் கதையே மாறிவிடும். இங்கே ஃபீனிக்ஸ் ஊரில் பல ஆண்டுகள் நாம் பட்ட பாடு இதுதான். போன்ஃபேர், ஜம்போ, டவ்லட் என்று கூப்பிடு தூரத்தில் மூன்று வட்டங்கள். ஒன்றின் வால் மற்றொன்றின் வாயை அடைக்கும். அப்போது அந்த நெரிசலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வேறு திசையில் போகவேண்டியவரும் சிக்கிக்கொள்வார். அங்கே பாலங்கள் கட்டி நேர்ப்போக்கு வாகனங்களை மேலே தூக்கியது சரியான சிகிச்சைதான், நான் அதை மனதார வரவேற்றேன். ஆனால் மேலே தூக்கிய வெள்ளம் எங்கே போகும்? அடுத்த இடுக்குக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். போர்ட் லூயிஸ் ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் சிக்னல் மலையும் பூஸ் மலையும் நெருக்க நடுவில் கிடக்கிற ஊர். அங்கே நுழையும் வழியை எத்தனை மடங்கு அகலப்படுத்திவிட முடியும்?

இடுக்கே இல்லாத சாலையிலும் நெரிசல் பிறக்கும் என்பதை ஜப்பானில் யூகி சுகியாமா குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனை காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லாரும் ஒரே சீராக ஓட்டுங்கள் என்றார்கள். சிறிது நேரம் சீராகத்தான் ஓடின. பிறகு ஒருவர் இம்மியளவு வேகம் குறைத்தார், பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த 'நிற்றல்' ஓர் அலையாகி, கார்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. விபத்து இல்லை, சிக்னல் இல்லை. கார்களின் அடர்த்தி ஓர் அளவைத் தாண்டியதே காரணம்.

தைப்பூசத்தன்று கோர் த கார்ட் மலைக் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. படிக்கட்டின் அடியில் எல்லாரும் முண்டினால் ஒருவரும் நகரமுடியாது. கீழேயே கயிறு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கூட்டம் மளமளவென்று ஏறிவிடும். காத்திருக்க வைத்ததால்தான் வேகம் கூடுகிறது. நெடுஞ்சாலை நுழைவுகளில் சிக்னல் வைத்து, சில விநாடிக்கு ஒரு காராக விடும் முறை பல நாடுகளில் இருக்கிறது. இந்தக் கயிற்று வேலைதான் அது.

அப்படியானால் இன்னொரு தடம் சேர்த்தால்? ஒரு தடத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு கார் போனால் மணிக்கு 1,800 கார். அதில் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே இருப்பார். தடம் சேர்த்த மறுநாள் வேகம் கூடும். கூடியதை ஊர் கவனிக்கும். காலை 6 மணிக்கே கிளம்பியவர் 7 மணிக்கு மாறுவார், பேருந்தில் போனவர் காரை எடுப்பார், தள்ளி வீடு கட்டத் தயங்கியவர் மனை வாங்குவார். ட்யூராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை வைத்து 2011-இல் காட்டியது இதைத்தான்: நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது. சாலை போடவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். நெரிசலைத் தீர்க்கிறேன் என்று சொல்லி அதைப் போடக்கூடாது.

இனி மெட்ரோ. இந்தத் தீவில் ரயில் ஓடத் தொடங்கியது 1864-இல். 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1964-இல் சரக்கு ரயிலும் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பிடுங்கினாலும் ரயில் போன தடம் ஊர்களின் நடுவே ஒரு தழும்புபோலக் கிடந்தது. புது மெட்ரோவின் பெரும்பகுதி அந்தத் தழும்பின்மேல்தான் ஓடுகிறது. 2020 தொடக்கத்தில் ரோஸ்ஹில் வரை, 2022-இல் கியூர்பிப் வரை, மறு ஆண்டு எபேன் வழியாக ரெதுயி வரை. போர்ட் லூயிஸ் முனை, ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் அருகிலேயே அமைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை அங்கே இறங்கும்போதும் என் கால் ஒரு கணம் தயங்கும்.

ஒரு மெட்ரோ வண்டி நெருக்கிப் பிடித்தால் சுமார் 300 பேரைச் சுமக்கும். 6 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 3,000 பேர். ஒருவர் மட்டும் உட்கார்ந்த கார்களில் அத்தனை பேரையும் கொண்டுபோக ஒன்றரைத் தடத்துக்கும் மேல் வேண்டும், நிறுத்த இடமும் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து கியூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரம். போர்ட் லூயிஸிலிருந்து 26 கிலோமீட்டர் பாதையில் அவ்வளவு உயரம் என்றால், சராசரியாக நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. மின்மோட்டாரே இறக்கத்தில் பிரேக்காக மாறி மின்சாரம் உண்டாக்கும் வசதி இக்கால டிராம்களில் உண்டு. இறங்கும் வண்டி திருப்பித் தரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, அதே கம்பியிலிருந்து இழுத்து ஏறும் வண்டிக்குப் பயன்படும். மலைச்சரிவில் இருக்கும் நமக்கு இது நல்ல வரம்.

ஆனால் 300 பேரும் நிறுத்தத்துக்கு எப்படி வந்து சேர்வார்கள்? பேருந்து என்பீர்கள். இங்கே 2005 முதல் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்து இலவசம். பெரியம்மா அதில்தான் தீவு முழுவதும் சுற்றினார். அவருக்குள்ள ஒரே குறை: "வந்தா ரெண்டா வருது, வரலைன்னா ஒண்ணுமே வரல." இதில் ஓட்டுநரைக் குறை சொல்வது அநியாயம். பேருந்து ஒரு நிமிடம் பிந்தினால் நிறுத்தத்தில் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கும், ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் பேருந்துக்கு ஆளே இருக்காது, அது விரைந்து வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கணக்கைப் பாருங்கள். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே பேருந்துகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். நீளமான இடைவெளியில்தான் நிறையப் பேர் வந்து மாட்டுவார்கள் என்பதே காரணம். பேருந்து எண்ணிக்கை அதேதான், செலவும் அதேதான். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை ஓடும் வண்டியில் இருக்கும் இரண்டு நிமிடமாகக் கணக்கில் வைப்பது திட்டமிடுபவர்களின் வழக்கம். மனம் அப்படித்தான் உணர்கிறது.

இதைச் சரிசெய்யப் புதுப் பேருந்து தேவையில்லை. வழித்தடத்தின் நடுவில் ஓரிரு இடங்களில், முந்தி வந்த பேருந்தை அரை நிமிடம் பிடித்து வைத்தால் போதும். முன்வாசலில் ஏறி நடுவாசலில் இறங்கினால் இன்னும் நல்லது. சுவிட்சர்லாந்து 1982 முதல் நாடு முழுவதும் ஒரே சந்தத்தில் ரயில் ஓட்டுகிறது: மணிக்கு மணி அதே நிமிடத்தில் ரயிலும் பேருந்தும் நிலையத்தில் சந்தித்துப் பயணிகளை மாற்றிக்கொள்ளும்படி. வேகத்தைக் கூட்டுவதைவிடச் சந்திப்பைச் சரிசெய்வது மலிவு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சைக்கிள் என்றால் நம் ஊரில் உடனே வரும் பதில், "இந்த மேட்டிலா?" நியாயமான கேள்வி. ஆளும் வண்டியுமாக 90 கிலோவை 550 மீட்டர் ஏற்ற ஏறக்குறைய 4,85,000 ஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரண உடம்பு தொடர்ந்து 100 வாட் தரும் என்றால், ஏற்றத்துக்கு மட்டும் 80 நிமிடம். மின்சைக்கிளில் அதே வேலைக்கு 135 வாட்-மணி. விரயத்தையும் சேர்த்து இருமடங்கு என்று வைத்தாலும், கடையில் கிடைக்கும் 400, 500 வாட்-மணி பேட்டரியில் முடிந்துவிடும். ஆனால் மேலேயிருந்து துறைமுகம்வரை மிதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காத்ர் போர்ன், வாக்வா எல்லாம் பீடபூமி. அங்கே சைக்கிளுக்கு உரிய வேலை நிறுத்தம்வரை கொண்டுபோய் விடுவதுதான். பத்து நிமிட நடை சுமார் 800 மீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு 2 சதுர கிலோமீட்டர். பத்து நிமிட மிதிப்பு இரண்டரை கிலோமீட்டர், பரப்பு 19.6 சதுர கிலோமீட்டர். ஒரு நிறுத்தம், ஒரு கல்லும் புதிதாக வைக்காமல், ஏறக்குறைய பத்து மடங்கு வீடுகளுக்கு உதவும். மழைபடாத கூரையும் பூட்டிவைக்கக் கம்பியும் நிறுத்தத்தில் இருக்கவேண்டும். அதைவிட முக்கியமாக, வழியில் உயிருக்கு உத்தரவாதம் வேண்டும்.

சைக்கிள் தடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நேர்ச்சாலையில் அழகாகப் போட்டுவிட்டு, வட்டம் வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். பயம் தொடங்கும் இடமே அதுதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் காரின் இயக்க ஆற்றல், 30-இல் வரும் காரைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. அதனால் வட்டத்தின் வாயிலைக் குறுக்கி, கார்கள் வளைந்தே நுழையும்படி செய்யவேண்டும். நெதர்லாந்தில் பல வட்டங்களைச் சுற்றி, காருக்குத் தனியாகவும் சைக்கிளுக்குத் தனியாகவும் இரண்டு வளையங்கள் இருக்கும். நடப்பவர் கடக்கும் கோடும் வட்டத்தின் விளிம்பில் இருக்காது. ஒரு கார் நீளம் பின்னால் தள்ளியிருக்கும். ஓட்டுநர் முதலில் நடப்பவரை மட்டும் பார்ப்பார். அவர் போன பிறகு முன்னே நகர்ந்து, அப்புறம் வட்டத்தில் இடைவெளி தேடுவார். ஒரு நேரத்தில் ஒரு வேலை. தேடிக்கொண்டு நிற்கும் அந்தக் கார் கோட்டையும் மறிக்காது.

பெரியம்மா தினமும் கடக்கும் ரோன்ப்வேனில் வெள்ளைக்கோடு விளிம்பிலேயே இருக்கிறது. அங்கே வரும் ஓட்டுநர் வலப்பக்கம் திரும்பி இடைவெளியைத் தேடிக்கொண்டிருப்பார். பெரியம்மா நிற்பதோ அவருக்கு இடப்பக்கம். அந்தக் கோட்டை ஆறு மீட்டர் பின்னால் தள்ளிப் போடவேண்டும்.