மான் குறைந்த காட்டில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் வாழும் நம்மவர்கள் சிலர் வேட்டை உரிமம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நவம்பர் நெருங்கினால் அவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மெய்ன் மாநிலத்தின் வடக்கே வெண்வால் மான் ரொம்பக் குறைவு என்கிறார்களே, பிறகு எதற்கு அங்கே வேட்டைக்கு அனுமதி? நாம் போய்ச் சுட்டால் இருப்பதும் அழிந்துவிடாதா?" 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, வேட்டை என்றாலே குற்றம் என்று பார்க்கப்படும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வருவது நியாயம்.

நான் வனவிலங்கு மருத்துவர். இறந்து கிடக்கும் மான்களை அறுத்துப் பார்த்துச் சாவின் காரணத்தைத் தேடுவது என் வேலையின் ஒரு பகுதி. அந்த மேசையில் நான் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: வடக்கு மெய்னில் மானின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நவம்பர் மாதத்துத் துப்பாக்கி அல்ல. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த மான் எங்கே ஒதுங்குகிறது, எதைத் தின்கிறது என்பதுதான். அதில் நம் கையும் இருக்கிறது.

முதலில் மான் ஏன் குறைவு என்று பார்ப்போம். 1900 வாக்கில் வட அமெரிக்கா முழுவதும் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்திருக்காது என்பது பொதுவான மதிப்பீடு. இறைச்சிக்கும் தோலுக்கும் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளிய காலம் அது. பிறகு சட்டங்கள் வந்தன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிடித்து அதை வனவிலங்குப் பணிக்கே தரும் ஏற்பாடு 1937-இல் வந்தது. இன்று ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் இருக்கின்றன. தெற்கு மெய்னில் வீட்டுத் தோட்டத்துச் செடியை மேயும் அளவுக்குப் பெருகிவிட்டன. ஆனால் வடக்கே, மரக் கம்பெனிகளின் பல லட்சம் ஏக்கர் காட்டில், ஒரு சதுர மைலுக்கு ஐந்து மான்கூடத் தேறாத இடங்கள் ஏராளம். நாள் முழுக்க நடந்தும் ஒரு மானைக் காணாமல் திரும்புவது அங்கே சாதாரணம்.

காரணம் பனி. இந்த மானினம் தாங்கக்கூடிய குளிரின் வடக்கு எல்லைக்கு அருகில் இருக்கிறது அந்தக் காடு. ஒன்றரை அடிக்கு மேல் பனி விழுந்துவிட்டால் மான் நடக்கத் திணறும். ஒவ்வொரு அடிக்கும் அது சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். அதனால் அடர்ந்த ஊசியிலை மரங்களுக்கு அடியில் போய் ஒதுங்கும். ஸ்புரூஸ், பால்சம் ஃபிர், சீடார், ஹெம்லாக் மரங்களின் கிளைகள் பனியை மேலேயே தாங்கிக்கொள்ளும், காற்றையும் தடுக்கும். கூட்டமாக இருப்பதால் மான்களே நடந்து நடந்து பாதை போட்டுக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் இதை 'டியர் யார்டு' என்பார்கள். தாயோடு போய்ப் பழகிய குட்டி, வளர்ந்து தன் குட்டியை அங்கேயே கூட்டிப்போகும். இப்படித் தலைமுறை தலைமுறையாக வரும் இடம் அது.

1970, 80-களில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு வடக்கு மெய்ன் காடுகளைத் தின்று தீர்த்தது. பட்டுப்போனதையும் பட்டுப்போகப் போவதையும் வேகமாக வெட்டினார்கள். அதோடு போன ஒதுங்கிடங்கள் ஏராளம். மானை வேட்டையாடும் கயோட்டி என்ற காட்டு நாயினம் நிலைகொண்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பின்னர் 2008, 2009 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்துக் கடும் பனி. மாநிலம் முழுவதும் வேட்டையில் கிடைத்த மான்கள் 2007-இல் ஏறத்தாழ 29 ஆயிரம், 2009-இல் 18 ஆயிரம். இரண்டே குளிர்காலம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மான் குறைவாக இருப்பதே ஒரு கேடு என்று நான் நினைக்கவில்லை. வடக்குக் காடு மூஸ் என்ற பெரிய மானினத்தின் காடு. வெண்வால் மானின் மூளைச் சவ்வில் வாழும் ஒரு புழு மானுக்குத் தீங்கு செய்வதில்லை, மூஸுக்குள் போனால் அதன் நரம்பைக் குலைத்துக் கொன்றுவிடும். எல்லா இடத்திலும் மான் நிறைய வேண்டும் என்று ஆசைப்படுவது சரியல்ல. இருக்கும் மான்கூட்டம் நிலைத்திருந்தால் போதும்.

அதற்குத்தான் பெண்மானைக் காக்கும் விதி. மெய்னில் சாதாரண உரிமத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கிப் பருவத்தில் கொம்புள்ள ஆணை மட்டுமே சுடலாம். கொம்பு மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். பெண்மானுக்குத் தனி அனுமதிச் சீட்டு, அது மாவட்டம் மாவட்டமாக எண்ணித் தரப்படுவது. வடக்கு மாவட்டங்கள் சிலவற்றில் ஒன்றுகூடத் தராத ஆண்டுகள் உண்டு. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், சில ஆண்கள் குறைந்தாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஒரு நல்ல பெண்மான் போனால் ஆண்டுக்கு இரண்டு குட்டி போயிற்று. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: விதியை மதித்து ஓர் ஆண்மானை எடுப்பவரால் அந்தக் காடு வெறுமையாகாது. தலையைச் சரியாகப் பார்க்காமல், அசைவதை நோக்கிச் சுடுபவரால் ஆகும்.

அங்கே வேட்டையாடும் முறையும் வேறு. தெற்கே மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் மான் வரும். வடக்கே உட்கார்ந்தால் பனிதான் வரும். மூத்த வேட்டைக்காரர்கள் புதுப் பனி விழுந்த காலையில் தடம் தேடிப் போகிறார்கள். நவம்பர் நடுவிலிருந்து கடைசி வரை இணைசேரும் காலம். ஆண்மான் ஒரு பெண்கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மைல்கணக்கில் அலையும். எனவே முதலில் பெண்மான்கள் எங்கே என்று கண்டுபிடியுங்கள். கடித்த கிளை நுனிகளைப் பாருங்கள். மானுக்கு மேல் முன்பற்கள் கிடையாது, அதனால் நுனி பிய்ந்து நார்நாராக இருக்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அது முயல். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மானே இல்லாத காட்டில் வாரக்கணக்கில் சுற்றியவர்களை எனக்குத் தெரியும். கைபேசிக்குச் சிக்னல் இருக்காது, திசைகாட்டி பழகாமல் போகாதீர்கள். ஆரஞ்சுத் தொப்பியும் மேலாடையும் சட்டப்படி கட்டாயம்.

சுட்டபின் ஓடிப் பின்தொடராதீர்கள். அடிபட்ட மான் பெரும்பாலும் சற்று தூரத்தில் படுக்கும், விரட்டினால்தான் எழுந்து தொலைந்துபோகும். அரை மணி நேரமாவது நில்லுங்கள். வயிற்றில் பட்டதாகத் தோன்றினால் பல மணி நேரம். இரத்தத் தடம் விட்டுப்போனால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேடித்தர உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், வெட்கப்படாமல் அழையுங்கள். சதுர மைலுக்கு இரண்டு மான் இருக்கும் இடத்தில் ஒன்றைக் காயப்படுத்தித் தொலைப்பது சின்ன விஷயமில்லை.

இறைச்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் ஈரலுக்குத் தனிப் பிரியம் உண்டு. மான், மூஸ் ஆகியவற்றின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்கிறது. மாநிலம் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஈயத் தோட்டா உள்ளே சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் சதையிலும் கிடக்கும். நீங்கள் காட்டில் விட்டுவரும் குடலைத் தின்று கழுகுகளும் ஈய நஞ்சேறிச் சாகின்றன. செம்புத் தோட்டாவுக்கு மாறுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வேட்டைப் பருவம் முடிந்து பனி இறுகியதும் இரக்கப்பட்டு மானுக்கு மக்காச்சோளம் போடும் பழக்கம். காட்டோரம் வாரக்கடைசி வீடு வைத்திருப்பவர்கள், வாடகைக்குத் தங்குபவர்கள், நம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, நல்லெண்ணத்தோடு செய்வது. நான் அறுத்துப் பார்த்ததில் மனத்தை அதிகம் வருத்துபவை இப்படிச் சோளம் தின்று செத்த மான்கள்தான். பட்டினியில் செத்த மானின் தொடை எலும்பை வெட்டினால் மஜ்ஜை சிவந்து கூழாக இருக்கும், கொழுப்பெல்லாம் கரைந்திருக்கும். சோளம் தின்று செத்ததன் மஜ்ஜை வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். பிழைத்திருக்க வேண்டிய மான். வயிறு நிறையத் தானியம்.

என்ன நடக்கிறது? மானின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதற்காகச் செரிக்கின்றன. குளிர்காலத்தில் அவை குச்சியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். வேறு உணவுக்கு மாற வாரங்கள் வேண்டும். திடீரென மாவுச்சத்து கொட்டினால் லாக்டிக் அமிலம் சுரந்து இரைப்பையின் உட்சுவரே வெந்துபோகும், உடலின் நீரெல்லாம் அங்கே இழுக்கப்படும், இரண்டு மூன்று நாளில் சாவு. மாட்டுப் பொங்கலன்று அளவில்லாமல் பொங்கல் சோறு ஊட்டப்பட்ட மாடு மறுநாள் படுத்துவிடுகிறதே, அதே நோய்தான் இது. மாட்டுக்கு ஊரில் மருத்துவர் உண்டு. காட்டு மான் யாரும் பார்க்காத இடத்தில் போய் விழும். அதனால்தான் தீவனம் போட்டவர் தான் காப்பாற்றியதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்.

வைக்கோல் போட்டால்? செரிக்காது, வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடக்கும். படிப்படியாகப் பழக்கினாலும் வேறு கேடுகள் வரும். ஒதுங்கிடத்தை விட்டு மான்கள் சாலையோரம் வந்து வண்டியில் அடிபடும். வலுத்தது தின்னும், குட்டி ஓரமாக நின்று கொழுப்பைக் கரைக்கும். மூக்கோடு மூக்கு உரச நின்றால் நோய் பரவும். மூளையை அரிக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 2018-இல் பக்கத்துக் கியூபெக்கில் ஒரு மான் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

உண்மையிலேயே உதவ விரும்புகிறவர்கள் அந்தச் சோளப் பணத்தை வேறு வழியில் செலவிடலாம். பெண்மான் அனுமதிச் சீட்டுக்கான 12 டாலர் கட்டணம் இந்த ஒதுங்கிடங்களை வாங்கிக் காப்பதற்கான நிதிக்குப் போகிறது. உங்களுக்கே அங்கே நிலம் இருந்தால் ஓடைக்கரையில் நிற்கும் முற்றிய சீடார், ஹெம்லாக் மரங்களை விற்காதீர்கள். இலையுதிர் மரங்களை வெட்டுவதானால் குளிர்காலத்தில், ஒதுங்கிடத்தை ஒட்டி வெட்டி, தலைக்கிளைகளை அப்படியே போட்டுவிடுங்கள், மான் அவற்றின் மொட்டைத் தின்னும். எந்த மரத்தை விடுவது, எதை எடுப்பது என்று மாநில வனவிலங்குத் துறையின் வட்டார உயிரியலாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.