மூட்டுகளைத் தொடும் விரலுக்கும் பயிற்சி வேண்டும்

சர்க்கரை நோய் என்றால் ஒரு துளி ரத்தத்தில் எண் கிடைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்குக் கையில் பட்டை கட்டினால் போதும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) அந்த வசதி இல்லை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். எந்த மூட்டில் என்று சொல்லாது. மூட்டு வீங்கிக் கிடக்கும்போதே இந்த எண்கள் இயல்பாக இருப்பவர்களும் உண்டு. அதனால் வாதநோய் மருத்துவத்தில் அன்றாடம் நம்பியிருக்கும் அளவுகருவிகள் இரண்டு: மருத்துவரின் விரல், நோயாளியின் வாய்ச்சொல். இரண்டும் பழக்கினால்தான் சரியாக அளக்கும்.

எப்படி என்று பார்க்க, நோயின் கடுமையை அளக்கப் பரவலாகப் புழங்கும் டாஸ் 28 (DAS28) என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் சேர்ந்து எட்டு மூட்டுகள். இரு கைகளிலும் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள் பத்து, விரல்களின் நடு மூட்டுகள் பத்து (கட்டைவிரலின் மேல் மூட்டும் இதில் சேர்த்தி). ஆக 28. பாதம் கணக்கிலேயே இல்லை. பலருக்கு நோய் கால்விரல் மூட்டுகளில்தான் முதலில் தலைகாட்டும் என்பதால் இந்த விடுபடல் உறுத்தத்தான் செய்கிறது. சரி, அது போகட்டும்.

இந்த 28இல் அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுவார்கள். அதோடு இ.எஸ்.ஆர். அளவும், 'நோய் உங்களை எவ்வளவு படுத்துகிறது' என்ற கேள்விக்கு நோயாளி 0 முதல் 100க்குள் சொல்லும் மதிப்பெண்ணும் சேரும். வலிக்கும் மூட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.56 ஆல் பெருக்குவார்கள். வீங்கியதன் வர்க்கமூலத்தை 0.28 ஆல். இ.எஸ்.ஆரின் இயல் மடக்கையை (ln) 0.70 ஆலும், நோயாளியின் மதிப்பெண்ணை 0.014 ஆலும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் விடை. 2.6க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1க்கு மேலே என்றால் கடுமை.

ஒருவருக்கு 4 மூட்டு வலி, 4 மூட்டு வீக்கம், இ.எஸ்.ஆர். 30, அவர் தரும் மதிப்பெண் 50 என்று வையுங்கள். கூட்டினால் 4.76 வருகிறது. நடுத்தரம். அதே நாளில் அதே ஆளை இன்னொரு மருத்துவர் சற்று பலமாக அழுத்திப் பார்த்து, வலிக்கும் மூட்டு 9 என்று எழுதுகிறார். இப்போது 5.32, கடுமை. நோய் ஒரு துளியும் மாறவில்லை, விரல்தான் மாறியது. மறுபடி முதல் மருத்துவரிடமே வருவோம். மூட்டுகள் அதே நான்கு. ஆனால் முந்தின இரவு தூங்காத எரிச்சலில் நோயாளி 50க்குப் பதில் 80 என்று சொல்கிறார். விடை 5.18. இதுவும் கடுமைதான். பிரிட்டனில் 5.1ஐத் தாண்டினால்தான் விலையுயர்ந்த உயிரியல் மருந்துகள் (உயிரணுக்களில் வளர்த்தெடுப்பவை) என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு எவ்வளவு கனம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், விரலை எப்படிப் பழக்குகிறார்கள்? முதல் பாடம் அழுத்தம். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்குப் பரிசோதிப்பவரின் கட்டைவிரல் நகமே சாட்சி. நகத்தடியில் உள்ள சிவப்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் போதும்; சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ அழுத்தம் அது. அதற்கு மேல் போனால் நல்ல மூட்டும் வலிக்கும். கீழே போனால் நோயுள்ள மூட்டும் சும்மா இருந்துவிடும்.

வீக்கத்தை எண்ணுவது இதைவிடக் கடினம். வலியையாவது நோயாளி சொல்லிவிடுவார். வீக்கத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலின் நடு மூட்டைப் பார்க்கும்போது, ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூட்டின் மேலும் கீழும் இருக்க, மறு கையின் இரு விரல்கள் பக்கவாட்டில் இருக்கும். ஒரு ஜோடி மெல்ல அமுக்க வேண்டும். உள்ளே நீர் கோத்திருந்தால் அது மறு ஜோடியை வெளியே தள்ளும். உள்ளங்கையை ஒட்டிய மூட்டுக்கு முறை வேறு. நோயாளியை விரல்களைச் சற்று மடக்கச் சொல்லிவிட்டு, புறங்கையில் ஓடும் தசைநாணின் இருபுறமும் கட்டைவிரல் நுனிகளால் தடவ வேண்டும். நல்ல மூட்டில் எலும்பின் விளிம்பு தெளிவாகத் தட்டுப்படும். மூட்டின் உட்சவ்வு தடித்திருந்தால் அந்த விளிம்பு காணாமல் போய், தொட்டால் மெத்தென்று இருக்கும்.

புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூட்டுத் தேய்மானத்திலும் விரல் மூட்டுகள் புடைக்கும். அந்தப் புடைப்பு எலும்பு வளர்ச்சி, தொட்டால் கெட்டியாக இருக்கும். அழற்சி வீக்கம் அமுங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கெட்டிப் புடைப்பை அழற்சி என்று கணக்கில் சேர்த்தால், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தேவையில்லாமல் கூட்டுவதில் போய் முடியும்.

இந்த வேறுபாட்டைப் படம் பார்த்துக் கற்க முடியாது. தொட்டுச் சொன்ன விடை சரியா என்று உடனே தெரிந்தால்தான் விரல் திருந்தும். அதற்கு இப்போது அல்ட்ராசவுண்ட் கை கொடுக்கிறது. மாணவர் முதலில் தொட்டுப் பார்த்து 'வீக்கம் உண்டு' அல்லது 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் கருவியை வைப்பார்கள். சவ்வு தடித்திருப்பதும் நீர் கோத்திருப்பதும் திரையில் தெரியும். பவர் டாப்ளர் முறையில் அழற்சியால் கூடிய ரத்த ஓட்டம் வண்ணப் புள்ளிகளாக மின்னும். இந்த வரிசையை மாற்றித் திரையை முதலில் காட்டினால் விரல் எதையும் கற்காது, தலையாட்டத்தான் கற்கும். அனுபவசாலிகளுக்கும் இது பொருந்தும். பல மருத்துவர்களை ஒன்றுகூட்டி ஒரே முறையில் பரிசோதிக்கப் பழக்கினால், அவர்களின் எண்ணிக்கைகளுக்கு இடையிலான இடைவெளி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு வகை ஆசிரியர்களும் இந்தத் துறையில் உண்டு: நோயாளிகள். அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு திட்டத்தில், மூட்டுவாதம் (மூட்டு நோய்களின் பொதுப்பெயர்) உள்ளவர்களுக்கே உடற்கூறும் பரிசோதனை முறையும் கற்பித்து, அவர்கள் தங்கள் மூட்டுகளை வைத்தே மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். 'இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி அழுத்துங்க தம்பி, இப்ப பிடிச்சிருக்கிறது வெறும் சதை' என்று அந்த ஆசிரியர் சொல்வதை வேறு யாராலும் சொல்ல முடியாது. அழுத்தம் சரியா என்பது உள்ளிருந்து தெரிவது அவருக்கு மட்டும்தான். விளைவு எப்படி? சில ஆய்வுகளில் இவர்களிடம் கற்ற மாணவர்கள் நிபுணரிடம் கற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். வேறு சிலவற்றில் நிபுணரிடம் கற்றவர்களே மேல். விரலின் நுட்பத்துக்கு நோயாளி, நோயின் தர்க்கத்துக்கு நிபுணர் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நோயாளியின் பக்கம். அவருக்கு என்ன கற்பிப்பது, எப்படி?

1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற ஆராய்ச்சியாளர் மூட்டுவாத நோயாளிகளுக்காக ஒரு வகுப்பை வடிவமைத்தார். வாரம் சுமார் 2 மணி நேரம், 6 வாரம். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். பலருக்கு அதே நோய். உடற்பயிற்சி, தளர்வு முறைகள், மருந்து, மருத்துவரிடம் பேசுவது எல்லாம் பாடத்தில் இருந்தன. வந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் கணக்கில் ஒரு புதிர். அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலி அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும்; அப்படி ஒரு தொடர்பு சரியாக விழவில்லை. பங்கேற்றவர்களை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார்கள். தேறியவர்கள் நோய் தங்கள் பிடிக்குள் இருக்கிறது என்று உணர்ந்தவர்கள். தேறாதவர்கள் எதுவும் தங்கள் கையில் இல்லை என்றார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதை 1977இலேயே விளக்கியிருந்தார். சிறியதாக ஒன்றைச் செய்து வெல்வது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, உடலின் அறிகுறிகளுக்கு வேறு பொருள் காண்பது, பிறர் ஊக்கம் என நான்கு வழிகள். வகுப்பை இந்த நான்கையும் சுற்றி அமைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும்: என்ன செய்வேன், எவ்வளவு, எத்தனை நாள். பிறகு '10க்கு எவ்வளவு நம்பிக்கை' என்ற கேள்வி வரும். 7க்குக் கீழே என்றால் திட்டத்தைச் சுருக்கச் சொல்வார்கள். அரை மணி நடை பத்து நிமிடமாகும். தோற்கும் திட்டத்தைவிட வெல்லும் சின்னத் திட்டம் மேல் என்பது கணக்கு.

1993இல் வெளியான தொடர் ஆய்வில், நான்கு ஆண்டு கழித்தும் இவர்களின் வலி சராசரியாக 20 சதவீதமும், மருத்துவரைப் பார்க்கப் போவது 40 சதவீதமும் குறைந்திருந்தன. உடல் இயலாமை மட்டும் 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் தன் போக்கில்தான் போயிருக்கிறது. அதோடு வாழும் விதம் மாறியிருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு நோயாளிக் கல்வி எல்லாமே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடக்குவாதத்துக்கான கல்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பு, பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது என்றே சொன்னது. வெறும் தகவல் தரும் வகுப்புகளால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. பழக்கத்தை மாற்றப் பயிற்சி தந்தவற்றில்தான் தெரிந்தது. பிரிட்டனில் அலிசன் ஹாமண்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கை மூட்டுகளைக் காக்கும் முறைகளை இரண்டு விதமாகக் கற்பித்துப் பார்த்தார்கள். வழக்கமான விளக்கம் கேட்டவர்களைவிட, பாத்திரம் தூக்குவதையும் மூடி திறப்பதையும் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்களே நான்கு ஆண்டு கழித்தும் நல்ல நிலையில் இருந்தார்கள். பளபளக்கும் கையேடுகளை அச்சடித்து அடுக்கும் மருத்துவமனைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தகவல் பிசகவே கூடாத இடமும் உண்டு. முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போயிருக்கிறது. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்கென்றே கட்டுப்பாடுகளை இறுக்கியது. இங்கே 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை, யாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்கம்மா, எனக்குச் சொல்லுங்க' என்று செவிலியர் கேட்க வேண்டும். 'வியாழக்கிழமை மட்டும்' என்று கிழமையோடு பதில் வந்தால் சரி. 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று மட்டும் வந்தால் பாடம் மறுபடி முதலிலிருந்து.

நோயாளிகள் ஆராய்ச்சியாளர்களுக்கும் பாடம் எடுத்திருக்கிறார்கள். வாதநோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று முடிவுசெய்யும் ஓமெராக்ட் என்ற கூட்டமைப்பு 2002இல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது நோயாளிகளும் அழைக்கப்பட்டார்கள். தங்களை வாட்டுவதில் முக்கியமானது அசதி என்றார்கள். அதுவரை அளக்கும் பட்டியலில் அது இல்லை, பிறகு சேர்ந்தது.

இரு பக்கமும் பழகினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 6 ஆண்டு நடந்த ஒரு சோதனை உண்டு. முடக்குவாத நோயாளிகளில் ஒரு பாதிக்கு, குறித்த நாளில் மருத்துவரைப் பார்க்கும் வழக்கமான தவணைகள். மறு பாதிக்குத் தவணையே இல்லை: நோய் கிளர்ந்தால் நீங்களே கூப்பிடுங்கள், சீக்கிரம் பார்க்கிறோம் என்றார்கள். அவர்களுக்கும் அவர்களின் குடும்ப மருத்துவர்களுக்கும் எப்போது கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு ஆண்டு முடிவில் நோயின் நிலை இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. தாமாகக் கூப்பிட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்தது 38 சதவீதம் குறைவு. இந்த ஏற்பாட்டை நகலெடுக்க நினைக்கும் மருத்துவமனை முதலில் பார்க்க வேண்டியது, கூப்பிட்டால் அந்தத் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கிறார்களா என்பதைத்தான்.